தரையைப் படித்தவர்கள்

(டயகமவில் ஆசிரியர்களும் தோட்டத்து இளைஞர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நுவரெலியாவில் ஹோட்டல் வேலை பார்க்கும் நம்ம ஊர்த் தம்பி ஒருவர் கொஞ்சக் காலமாகக் கோல்ப் பழகுகிறார். பணத்துக்காக இல்லை, ஆசைக்காக. அவர் ஒரு தாளில் கேள்விகளை எழுதி என்னிடம் கொடுத்தார். பட்டர் எந்த உலோகத்தில் இருந்தால் பந்து நேராகப் போகும்? பித்தளையா, உருக்கா, அலுமினியமா? முகத்தில் மெத்தென்று ஏதோ பதித்து விற்கிறார்களே, அதை வாங்கலாமா? மணிக்கட்டால் தட்டுவதா, தோளால் தட்டுவதா? தாளின் அடியில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய கடைசிக் கேள்வி: "நான் நினைக்கும் பக்கம் பந்து திரும்புவதே இல்லை, ஏன்?"

முதல் கேள்விகளுக்குப் பதில் புத்தகங்களில் கிடைக்கும். கடைசிக் கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி இந்த மலைநாட்டில், நம் மக்களில் சிலருடைய தலைக்குள் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

கோல்ப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஒரு மைதானத்தில் 18 குழிகள் இருக்கும். பெரும்பாலும் முந்நூறு நானூறு மீற்றர் தூரத்திலிருந்து பந்தை அடித்து அடித்துக் குழிக்கு அருகே கொண்டுவர வேண்டும். குழியைச் சுற்றியிருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். கிரீனுக்கு வந்த பிறகு பந்தை மேலே தூக்கி அடிக்கும் வேலை முடிந்துவிடுகிறது. பட்டர் என்ற தட்டை முகத் தடியால் பந்தைத் தரையோடு உருட்டிக் குழிக்குள் விழுத்த வேண்டும். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் கிளப் 1891இல் நிர்ணயித்த அளவு அது. உலகம் முழுவதும் இன்றுவரை அதே அளவுதான்.

ஒரு குழியை இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று வைத்திருக்கும் கணக்கில், கிரீனில் உருட்டுவதற்கு மட்டும் இரண்டு அடி ஒதுக்கப்பட்டிருக்கிறது. 18 குழிக்கு 36 அடி. முழு ஆட்டத்துக்கும் எழுபதுக்குச் சற்று மேலோ கீழோதான் கணக்கு என்றால், ஆட்டத்தின் பாதி இந்த ஒரு தடியில் இருக்கிறது. அதற்கு உடல் பலம் எதுவும் வேண்டாம். இருபது வயது இளைஞனும் எழுபது வயது ஆயாவும் அந்த இடத்தில் சமம். கோல்பின் மற்றப் பகுதிகளுக்கு நிலமும் பணமும் வேண்டும். இந்தப் பகுதியைப் பாடசாலை விறாந்தையிலேயே பழகலாம்.

இனிக் கடைசிக் கேள்வி.

நுவரெலியா கோல்ப் கிளப் 1889இல் தொடங்கியது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தேயிலை பயிரிட்டு இருபத்திரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. காட்டை அழித்து, கோப்பியின் இடத்தைப் பிடித்துத் தேயிலை மேலேறிய அதே காலத்தில், துரைமாருக்கும் அரசாங்க உத்தியோகத்தருக்கும் பொழுதுபோக்காக அந்த மைதானம் உருவானது. அடித்தவர்கள் அவர்கள். தடிகள் நிறைந்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தவர்கள் கேடிமார். அவர்களில் சிங்களச் சகோதரர்களும் உண்டு, நம் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. பை தூக்குவது அந்த வேலையில் பாதிதான். பந்து எங்கே விழுந்தது, எந்தத் தடியை எடுக்க வேண்டும், கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது என்றெல்லாம் சொல்ல வேண்டியவர் கேடிதான். குழிக்கு நேராகக் குறிபார்த்து நிற்கிறவரிடம், "ரெண்டு கப் லெஃப்ட், தொரை" என்பார். குழியின் அகலம்போல் இரண்டு மடங்கு இடப்புறம் தள்ளிக் குறிபாருங்கள் என்று அர்த்தம். கேட்டவருக்குப் பந்து விழும். கேட்காதவருக்கு விழாது.

அந்த "ரெண்டு கப்" எங்கிருந்து வருகிறது?

சரிவில் உருளும் பந்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. ஒன்று, புல்லின் உராய்வு. அது பந்தின் வேகத்தைக் குறைக்கிறது. மற்றது புவியீர்ப்பு, அது பந்தைப் பள்ளத்துப் பக்கம் இழுக்கிறது. பந்து வேகமாக இருக்கும்போது ஒரு மீற்றரைக் கடக்க எடுக்கும் நேரம் கொஞ்சம், அதற்குள் பள்ளம் இழுப்பதும் கொஞ்சம். மெதுவாகும்போது அதே ஒரு மீற்றரில் நீண்ட நேரம் இழுபடுகிறது. ஆகவே பந்தின் வளைவில் பெரும்பகுதி கடைசி ஒரு மீற்றரில்தான் நடக்கிறது. புதிதாகப் பழகுகிறவர் தன் காலடியில் உள்ள சரிவைப் பார்க்கிறார். தேர்ந்த கேடி குழியைச் சுற்றியிருக்கும் தரையைப் பார்க்கிறார். தம்பியின் பந்து நினைத்த பக்கம் திரும்பாததற்கு முதல் காரணம் இதுவாக இருக்கலாம்.

இரண்டாவது காரணம் மலைநாட்டுக்கே உரியது. சுற்றிலும் உள்ள நிலமெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது, அதே பக்கம் இலேசாகச் சாய்ந்த தரையைக் கண் மட்டமென்று நம்பிவிடும். சில வேளை எதிர்ப்பக்கம் சாய்ந்ததாகக்கூடக் காட்டும். பின்னால் மலை ஏறி நிற்கும் கிரீனில் நின்று, பந்து மேட்டுப் பக்கம் ஓடியதாகச் சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. பந்து ஒருநாளும் தானாக மேட்டுக்கு ஓடாது; ஏமாந்தது கண். அதனால்தான் கேடி கிரீனுக்குப் போகிற வழியிலேயே, ஐம்பது மீற்றர் தூரத்தில் வைத்தே, முழு நிலத்தின் சாய்வையும் பார்த்துக்கொள்கிறார். மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டுக்கொள்கிறார்.

இந்தக் கேள்வியைத் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மலையில் கான் வெட்டியவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும், அதே நேரம் மண்ணை அரித்துக்கொண்டு போகக் கூடாது. அப்படி ஒரு மெல்லிய சாய்வை, மலைச் சரிவுக்குக் குறுக்கே, கண்ணால் பார்த்து இழுத்துச் செல்லும் வேலை அது. கிரீனில் பந்தைத் திருப்புவதும் அப்படியான மெல்லிய சாய்வுதான். கான் வெட்டிய தகப்பனின் மகன் நல்ல கேடியாக வருவதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. கோல்ப் எழுத்தாளர்கள் இதை எழுதி நான் பார்த்ததில்லை. நாமும் இதுவரை எழுதவில்லை.

புல்லையும் பார்க்க வேண்டும். வெப்ப நாடுகளில் கிரீன்களில் வளர்க்கும் அறுகினப் புல்லுக்கு ஒரு சாய்வு உண்டு. அது ஒரு திசையாகப் படுத்து வளரும். புல் உங்களிடமிருந்து விலகிப் படுத்திருந்தால் தரை பளபளக்கும், பந்து ஓடும். உங்களை நோக்கிப் படுத்திருந்தால் தரை கருத்துத் தெரியும், பந்தை இழுத்துப் பிடிக்கும். நுவரெலியாக் காலையில் இதோடு பனித்துளியும் சேர்கிறது. விடிந்தவுடன் உருட்டும் பந்து குழிக்கு முன்னாலேயே நின்றுவிடும். பத்து மணி வெயிலில் அதே தட்டு குழியைத் தாண்டிப் போகும். ஆனால் பனியில் ஒரு நன்மை இருக்கிறது. பந்து போன தடம் ஈரத்தில் கோடாகத் தெரியும். பந்து எங்கே வளையத் தொடங்கியது, எங்கே நன்றாக வளைந்தது என்று அந்தக் கோடு அப்படியே காட்டும். தம்பிக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். காலையில் முதல் ஆளாகப் போங்கள். குழிக்குள் போடுவதற்காக அடிக்க வேண்டாம். தடத்தைப் பார்ப்பதற்காக அடியுங்கள்.

எவ்வளவு வேகத்தில் அடிப்பது என்பதும் தரையைப் படிப்பதோடு சேர்ந்ததுதான். பிரயன் ஹோம்ஸ் என்ற பௌதிகவியலாளர் 1991இல் இதைக் கணக்கிட்டார். மட்டமான தரையில் குழியின் நடுவை நோக்கி வரும் பந்துகூட, குழியின் விளிம்பில் செக்கனுக்கு 1.63 மீற்றர் வேகத்துக்கு மேல் வந்தால் உள்ளே விழாமல் தாண்டிவிடும். நடுவிலிருந்து விலகி வரும் பந்துக்கு இன்னும் குறைந்த வேகமே தாங்கும். அதாவது வேகமாக அடிக்கிறவருக்குக் குழி சுருங்கிவிடுகிறது. மிக மெதுவாக அடித்தாலோ கடைசி மீற்றரில் சிறு மேடுபள்ளமெல்லாம் பந்தைத் திருப்பும். நாசாவில் விஞ்ஞானியாக இருந்து பிறகு கோல்ப் ஆராய்ச்சிக்கு வந்த டேவ் பெல்ஸ், குழி இல்லையென்றால் அதைத் தாண்டி 43 சென்ரிமீற்றர் தூரம் போய் நிற்கும் வேகமே மிகச் சிறந்தது என்று கண்டார். ஒரு முழத்துக்குச் சற்றுக் கீழே. பழகுகிறவர்கள் அநேகமாகப் பள்ளத்துப் பக்கமே தவறவிடுகிறார்கள் என்பதும் அவர் சொன்னதுதான். வளைவைக் குறைத்து மதிப்பிடுவது மனித இயல்பு. கேடி இரண்டு கப் என்றால் இரண்டு கப்பே பாருங்கள். ஒன்றரையாகக் குறைக்காதீர்கள்.

இனி உலோகத்துக்கு வருகிறேன். கடைகள் விற்பது இதைத்தான் என்பதால் இளைஞர்களின் பணம் போகிற இடமும் இதுவே.

ஒரு தடியின் தலை என்ன உலோகம் என்பதை விட, அந்த உலோகம் தலையில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். இதை உலகத்துக்குக் காட்டியவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொறியியலாளர், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நாற்பது வயதைத் தாண்டிக் கோல்ப் பழக ஆரம்பித்தார். பட்டிங் அவருக்குச் சரிவரவில்லை. நம் தம்பியைப் போலவே தடியைச் சந்தேகித்தார். ஆனால் வேறு தடி வாங்கப் போகாமல், கலிபோர்னியாவில் தன் வீட்டுக் கராஜில் 1959இல் தானே ஒன்று செய்தார். அதன் தலையில் எடையை நடுவிலிருந்து எடுத்து இரண்டு ஓரங்களுக்கும் தள்ளினார்.

ஏன் ஓரங்களுக்கு? காவடித் தண்டின் இரு முனையிலும் நீர் நிறைந்த குடங்களைத் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பவர் சட்டென்று திரும்ப முடியாது. அதே இரண்டு குடத்தையும் மார்போடு அணைத்தபடி என்றால் திரும்பிவிடலாம். எடை ஒன்றுதான், அச்சிலிருந்து அது இருக்கும் தூரம்தான் வேறு. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இதைச் சடத்துவத் திருப்பம் என்று படிக்கிறீர்கள். பட்டரின் நடுவில் படாமல் ஓரத்தில் பந்து பட்டால் தலை முறுகும், முகம் திரும்பும், பந்து திசை மாறுவதோடு தூரமும் குறையும். ஓரங்களில் எடை இருந்தால் அந்த முறுக்கம் குறைகிறது. சோல்ஹைமின் முதல் பட்டர் பந்தைத் தொட்டதும் "பிங்" என்று ஒலித்தது. அந்தச் சத்தத்தையே நிறுவனத்தின் பெயராக்கினார். 1966இல் அவர் வரைந்த அன்சர் என்ற பட்டரின் வடிவத்தைத்தான் இன்று பெரும்பாலான நிறுவனங்கள் ஏதோ ஒரு விதத்தில் பின்பற்றுகின்றன. நுவரெலியாவில் பழைய தடி விற்பவரிடம் போனாலும் அந்த வடிவத்தைப் பார்க்கலாம்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் உலோகங்களின் இடம் விளங்கும். அலுமினியம் இலேசு, அதனால் தலையைப் பெரிதாகச் செய்து, மிச்சப்படும் எடையை ஓரத்தில் கனமான உலோகமாக வைக்கலாம். 1986இல் ஜக் நிக்லஸ் 46 வயதில் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றபோது அவர் கையில் இருந்தது பெரிய தலையுடைய அலுமினியப் பட்டர். பித்தளையும் வெண்கலமும் மென்மை; குடைந்து செய்வது சுலபம்; அடிக்கும்போது சத்தம் தணிந்து வரும். துருப்பிடிக்காத உருக்கு உறுதி. மழையூரிலும் அதற்கு அதிகக் கவனிப்பு வேண்டாம். சாதாரணக் காபன் உருக்கில் செய்ததற்கு எண்ணெய் பூசித் துடைத்துவைக்க வேண்டும். நம் மழைக்கு அது துருப்பிடிக்கும். முகத்தில் பதிக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் வகை, பந்தின் சத்தத்தையும் கைக்கு வரும் உணர்வையும் மாற்றுகிறது. கை உணர்கிறது என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி காது கேட்பதுதான். அந்தச் சத்தம் உங்களுக்குப் பிடித்தால் அதை வாங்குங்கள். பந்து நேராகப் போகும் என்று நம்பி வாங்காதீர்கள்.

இதற்கு நான் காட்டும் சாட்சி பொபி லொக். தென்னாபிரிக்கர், 1949, 1950, 1952, 1957 என நான்கு முறை பிரிட்டிஷ் ஓப்பன் வென்றவர். அவர் காலத்தில் அவரைவிடச் சிறந்த பட்டர் ஆட்டக்காரர் இல்லை என்று பலர் சொல்வார்கள். உலகம் உருக்குத் தண்டுக்கு மாறிய பிறகும் அவர் விடாமல் வைத்திருந்தது மரத் தண்டும் துருவேறிய தலையும் கொண்ட ஒரு பழைய பட்டர். அவர் பேர்போனது தடிக்காக இல்லை, தரையைப் படிப்பதற்காக. முக்கியமாக, குழியைச் சுற்றியுள்ள கடைசித் தூரத்தைப் படிப்பதற்காக. நம் கேடிமார் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

வாங்குவதானால் இரண்டைக் கவனியுங்கள். தண்டின் நீளம்: இயல்பாகக் குனிந்து பிடிக்கும்போது உங்கள் கண் பந்துக்கு மேலாகவோ சற்று உள்ளாகவோ இருக்க வேண்டும். நம்மில் பலர் ஐரோப்பியருக்காகச் செய்த நீளத்தை அப்படியே பிடித்துக்கொண்டு தூரத்தில் நிற்கிறோம். குட்டையாக்கிக்கொள்ளலாம், 457 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் சட்டம் தடுக்காது. அடுத்தது சாய்வு: தலையின் அடிப்பாகம் தரையில் சமமாகப் படிந்திருக்க வேண்டும். நுனி தூக்கிக்கொண்டிருந்தால் முகம் வேறு பக்கம் பார்க்கும். இந்த இரண்டும் சரியாக உள்ள பழைய தடி, சரியில்லாத புதுத் தடியைவிட மேல்.

மணிக்கட்டா தோளா என்ற கேள்விக்குக் கணக்காலேயே பதில் சொல்லலாம். உருட்டும் பந்து எந்தத் திசையில் புறப்படுகிறது என்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல், தொடும் கணத்தில் பட்டரின் முகம் எங்கே பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. தடி எந்தப் பாதையில் வந்தது என்பதற்கு மிச்சப் பங்குதான். மூன்று மீற்றர் தூரத்தில் முகம் ஒரு பாகை திரும்பியிருந்தால் பந்து ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் விலகும். குழியின் நடுவிலிருந்து விளிம்புக்கு 5.4 சென்ரிமீற்றர். ஒரு பாகை என்றால் பந்து விளிம்பைத் தடவும்; இரண்டு பாகை என்றால் முழுதாய்த் தவறும். மணிக்கட்டில் பல திசைக்கு அசையும் மூட்டுகள் உள்ளன. பதற்றத்தில் முதலில் துடிப்பதும் அதுவே. இரண்டு கையையும் தோளையும் ஒரே முக்கோணமாக வைத்துக்கொண்டு தோளை அசைத்தால், முகத்தைத் திருப்பக்கூடிய மூட்டுகள் குறைகின்றன. அவ்வளவுதான் காரணம். மணிக்கட்டால் தட்டி வென்றவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைப் பருவத்திலிருந்து அப்படியே பழகியவர்கள் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. தடியின் நுனியை வயிற்றிலோ நெஞ்சிலோ ஊன்றி அடிப்பதை மட்டும் 2016 தொடக்கம் சட்டம் தடை செய்திருக்கிறது.

பழகும் முறையைச் சொல்கிறேன். சீமெந்துத் தரையில் ஒரு மீற்றர் தூரத்தில் ஒரு தேநீர்க் கோப்பையைச் சாய்த்து வையுங்கள். பந்துக்கு அரை மீற்றர் முன்னால் இரண்டு தேயிலைக் குச்சிகளை, பந்து மட்டும் நுழையும் இடைவெளி விட்டு, களிமண்ணில் குத்தி நிறுத்துங்கள். பந்து குச்சியைத் தொடாமல் போனால் முகம் நேராக இருந்தது என்று அர்த்தம். யாரும் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை, குச்சியே சொல்லிவிடும். தவறும்போது மனம் உடைந்துவிடக் கூடாது. உலகின் முதல்தர அமெரிக்கச் சுற்றுப்போட்டி ஆட்டக்காரர்களே 8 அடித் தூரத்தில், அதாவது ஏறத்தாழ 2.4 மீற்றரில், இரண்டுக்கு ஒன்றைத்தான் விழுத்துகிறார்கள். 20 அடியில் நூற்றுக்குப் பதினைந்து அளவில்தான். தொலைக்காட்சி விழுகிறதையே காட்டுவதால் நாம் ஏமாறுகிறோம். அந்தத் தம்பி எட்டு அடியில் மூன்றுக்கு ஒன்று போட்டால் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

கேள்வித் தாளில் இல்லாத ஒன்றையும் உலோகத்தைப் பற்றிப் பேசும்போது சொல்லியே ஆக வேண்டும். நுவரெலியா கோல்ப் மைதானத்தை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்தில் மேஜர் தோமஸ் றொஜர்ஸ் கிடக்கிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர்பெற்ற வெள்ளை அதிகாரி. 1845இல் ஊவாப் பக்கம் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அதுவும் இதே மலைநாடு என்பதை மறக்க வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பருவக்காற்று மாறும் காலத்தில், பின்னேரங்களில் இங்கே இடி வராத வாரம் அரிது. திறந்த புல்வெளியில் நிற்கும் மனிதனே அங்கே உயரமான பொருள். அவன் கையில் தடியும் இருக்கிறது. தண்டு உருக்கு இல்லை, காபன் இழைதான் என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். காபன் இழையும் மின்சாரத்தைக் கடத்தும். லீ ட்ரெவினோ போன்ற பெரிய ஆட்டக்காரர் 1975இல் போட்டியின் நடுவிலேயே மின்னலால் அடிபட்டுப் பிழைத்தார். இடிச்சத்தம் கேட்டால் தடியைப் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். தனி மரத்தின் கீழ் ஒதுங்காதீர்கள். பை சுமக்கும் பிள்ளைகளுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் உரிமை ஆடுகிறவருக்கு மட்டும் உரியதென்று நினைத்துத் தயங்காதீர்கள். உங்கள் தோளில் இருப்பது பதினான்கு தடி.

இப்போது நான் அதிகம் அக்கறைப்படும் விடயத்துக்கு வருகிறேன்.

கேடியாக இருந்தவர் ஆட்டக்காரராக எழுந்த கதை நம் பக்கத்து நாட்டிலேயே உண்டு. டில்லி கோல்ப் கிளப்பில் பை சுமந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரராக அதை வென்ற முதல் இந்தியர் அவர். 1993இல் மறுபடியும் வென்றார். நம் நாட்டிலிருந்து என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்ற இரண்டு தமிழ்ப் பெயர்கள் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் விளையாடியிருக்கின்றன. பிள்ளைகளே, அந்தப் பெயர்களைத் தேடிப் பாருங்கள். கோல்ப் நமக்கு எட்டாதது என்று யாராவது சொன்னால் அந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

எல்லோரும் தொழில்முறை ஆட்டக்காரராக வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது நடக்காது. நான் கேட்பது வேறொன்று. 1889 முதல் நம்மவர் அந்தக் கிரீன்களைப் படித்திருக்கிறார்கள். எந்தக் குழியில் கண் ஏமாறும், எந்த மூலையில் பனி கடைசியாகக் காயும், மழைக்குப் பிறகு எத்தனை மணி நேரத்தில் பந்து வழமையான வேகத்துக்குத் திரும்பும் என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தகப்பன் மகனுக்குச் சொல்லி, மகன் தம்பிக்குச் சொல்லி வந்த அறிவு. ஒரு பெரியவர் கண்ணை மூடினால் ஒரு பகுதி போய்விடுகிறது. நம் கைவேலைகளைப் பற்றி, பாட்டுகளைப் பற்றி, கூத்துகளைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டோம்; 2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டு நினைவில் எவ்வளவோ பேசினோம். கேடிமாரின் அறிவு அந்தக் கணக்கில் வரவில்லை. துரைமாருடைய விளையாட்டு என்பதால் அது நம்முடையதாகப் படவில்லையோ என்னவோ. விளையாட்டு அவர்களுடையதாக இருந்தது. தரையைப் படிக்கும் அறிவு நம்முடையது.

இதைப் பதிவு செய்வதற்கு ஒரு கருவி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவரும் ஓர் அமெச்சூர் ஆட்டக்காரர்தான். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன், 1935 யு.எஸ். ஓப்பனில் ஜீன் சரசென் உருட்டிய பந்து கிரீனை விட்டே ஓடிப்போனதைப் பார்த்தார். கிரீன் அளவுக்கு மீறி வேகமாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றினால் போதாது, அளந்து காட்ட வேண்டும் என்று ஒரு பலகையைச் செய்தார். அமெரிக்க கோல்ப் சங்கம் அதைத் திருத்தி 1970களின் பிற்பகுதியில் ஏற்றுக்கொண்டது. நீளம் 36 அங்குலம். நீளவாட்டில் ஒரு பள்ளக் கோடு. தரையில் படியும் நுனியிலிருந்து 30 அங்குலத்தில் பந்து உட்காரும் ஒரு சிறு வெட்டு. பந்தை வெட்டில் வைத்து, வெட்டு இருக்கும் பக்கத்து முனையை மெல்ல உயர்த்தினால், சுமார் 20 பாகைச் சாய்வில் பந்து தானாகப் புறப்பட்டு எப்போதும் ஒரே வேகத்தில் தரையில் இறங்கும். அது எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்பதே கிரீனின் வேகம். மட்டமான இடத்தில் மூன்று பந்து இந்தப் பக்கம், மூன்று பந்து அந்தப் பக்கம் உருட்டிச் சராசரி எடுக்க வேண்டும். இந்தப் பாடசாலையின் மரவேலை அறையில் ஒரு பின்னேரத்தில் செய்துவிடலாம். பௌதிகவியல் ஆசிரியர்களுக்கு உராய்வையும் ஆர்முடுகலையும் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பலகை செய்யுங்கள், ஒரு கொப்பி போடுங்கள். நுவரெலியாவில் பை சுமந்த அனுபவமுள்ளவர்கள் டயகமவிலும் அக்கரப்பத்தனையிலும் லிந்துலையிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளை விட்டுத் தேடச் செய்யுங்கள். அவர்களோடு உட்கார்ந்து, எந்தக் குழி, எந்த மாதம், காலையா பின்னேரமா, பந்து எந்தப் பக்கம் எத்தனை கப் திரும்பும், ஏன் திரும்பும் என்று அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் பேச்சிலேயே எழுதச் செய்யுங்கள். மைதானத்தில் அனுமதி கேட்டுப் பலகையால் அளந்து, அந்த அளவைப் பக்கத்தில் எழுதுங்கள். பெரியவர் சொன்னதும் பலகை சொன்னதும் ஒத்துப்போகாத இடம் வந்தால் ஒன்றையும் அழிக்க வேண்டாம். இரண்டையும் எழுதி வைத்து, மறுபடியும் போய் அளந்து பாருங்கள். அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தை எழுதும் வேலையை, கேள்வித் தாள் கொடுத்த நம் தம்பியிடமே ஒப்படைக்கலாம். வாரத்துக்கு ஒருநாள் அவர் அந்த மைதானத்தில்தான் இருக்கிறார்.